இரைச்சலுக்கு ஒரு கதவு

அண்மையில் பெற்றோர் சந்திப்பு நாளன்று, மகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற வந்த தாயார் ஒருவர் தம் மகனைப் பற்றிய கவலையையும் என்னிடம் பகிர்ந்துகொண்டார். அவனும் என் முன்னாள் மாணவனே. இப்போது படிவம் மூன்றில் பயில்கிறான், மின்கித்தார் வாசிக்கிறான். "அவன் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் அந்த ஆம்ப் இரைந்துகொண்டே இருக்கிறது டீச்சர். பழுதான பொருளை வாங்கிவிட்டோமா? இப்போது நாய்ஸ் கேட் என்று இன்னொரு பெட்டி வேண்டுமாம்" என்றார்.

பொருள் பழுதன்று. அந்த இரைச்சலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதனை அறிந்தால் பெட்டி வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மின்கித்தாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் செப்புக் கம்பியும் இருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். கம்பியின் அதிர்வை இது மின்குறியாக மாற்றுகிறது. ஆனால் சுவரிலுள்ள மின்கம்பியும் விளக்கும் மின்மாற்றியும் எழுப்பும் முனகலையும் இது சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அமெரிக்காவில் 60 முறை. அந்த அலைவுதான் 'ம்ம்ம்' என்று நம் காதில் விழுகிறது.

இதற்குத் தீர்வு கண்டவர் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனப் பொறியாளர் செத் லவர். காந்த முனைகளும் சுற்றும் திசைகளும் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த இரண்டு சுருள்களை அவர் இணைத்தார். கம்பியின் ஒலி கூடியது. வெளியிலிருந்து வந்த முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. ஹம்பக்கர் என்னும் அப்பெயரே முனகலை எதிர்ப்பது என்ற பொருளில் அமைந்ததுதான்.

ஆனால் 'ஸ்ஸ்ஸ்' என்ற சீற்றம் வேறு வகை. ஜான்சனும் நைக்குவிஸ்டும் 1928இல் வெளியிட்ட கட்டுரைகள் இதனை விளக்கின. வெப்பத்தால் மின்னணுக்கள் ஓயாமல் அலைவதனால், மின்தடை உள்ள ஒவ்வொரு பொருளிலும் மிகச் சிறிய இரைச்சல் இருந்தே தீரும். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் இந்த இயற்கை விதியிலிருந்து எந்தக் கருவியும் தப்ப இயலாது.

அந்தச் சிறு இரைச்சல் பெரிதானதற்குக் காரணம் இசைஞர்களின் சுவை மாற்றமே. ஒலி சிதைவது முன்பு குறையாகக் கருதப்பட்டது. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவர பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். குறையே அழகாயிற்று. சிதைந்த ஒலி வேண்டுமாயின் ஆம்பை உச்ச அளவில் அலறவிட வேண்டும் என்ற நிலையை, 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ரேண்டல் ஸ்மித் மாற்றினார். மெசா பூகி ஆம்புகளில் ஒரு வால்வு பெருக்கியதை அடுத்த வால்வு மீண்டும் பெருக்குமாறு அமைத்தார். 1987இல் சோல்டானோ எஸ்.எல்.ஓ. 100, 1992இல் பீவி 5150 ஆகியவை இவ்வழியில் மேலும் முன்னேறின.

வால்வுக்கு எது இசை, எது இரைச்சல் என்று தெரியாது. முதல் படியில் துளியாக நுழைந்த இரைச்சல் இறுதிப் படியில் வெள்ளமாகிறது. அத்துடன், சிதைவு என்பது உரத்த ஒலியின் உச்சியை வெட்டிச் சமன்செய்வது. அதனால் வாசிப்புக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தூரம் குறைந்துவிடுகிறது. வாசிக்கும்போது இரைச்சல் மறைந்திருக்கும்; கையை எடுத்ததும் எழுந்து நிற்கும்.

இங்குதான் நாய்ஸ் கேட் வருகிறது. இது இரைச்சலை வடிகட்டும் சல்லடையன்று. ஒரு கதவு மட்டுமே. நாம் குறித்த அளவுக்கு மேல் ஒலி வந்தால் திறக்கும், குறைந்தால் மூடும். அதனை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆம்புக்கு முன்னால் வைத்தால், ஆம்பினுள்ளே பிறக்கும் சீற்றத்தைத் தடுக்க இயலாது. பெருக்கிய பிறகு வைத்தால், இசையையும் இரைச்சலையும் பிரித்தறிவது கடினம். ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட என்.எஸ். 2 இவ்விரண்டையும் இணைக்க வழி தந்தது. கித்தாரின் தூய ஒலியைக் கேட்டு முடிவு செய்யும். பெருக்கிய ஒலியின் மீது கதவை மூடும்.

இந்தக் கதவைக் கலையாகவும் பயன்படுத்தினர். 1977இல் பெர்லினின் ஹன்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் டேவிட் போவி "ஹீரோஸ்" பாடலைப் பாடியபோது, தயாரிப்பாளர் டோனி விஸ்கொந்தி மூன்று ஒலிவாங்கிகளை வெவ்வேறு தொலைவில் வைத்தார். தொலைவில் இருந்தவற்றுக்குக் கதவு பூட்டினார். பாடகர் குரலை உயர்த்தினால்தான் அவை திறக்கும். பாடலின் முடிவில் அவர் கூவிப் பாடுவதன் பின்னணி இதுவே.

இனி, அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில். முதலில் கெயினைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். நல்ல கேபிளா என்று பாருங்கள். குழல் விளக்குக்கும் கைப்பேசி மின்னூட்டிக்கும் அருகில் அமர வேண்டாம். அதன் பிறகும் தேவைப்பட்டால் பெட்டியை வாங்கலாம். கதவின் அளவை இரைச்சலுக்குச் சற்றே மேலாக வைத்தால் போதும். ஒரு சுரத்தை மீட்டி, அது தானாகத் தேய்ந்து மறையும்வரை கேட்கட்டும். நடுவில் சட்டென்று அறுந்தால் அளவு அதிகம் என்று பொருள். கதவுக்கு மெல்லிய இசையும் இரைச்சலும் ஒன்றுதான். வேறுபாடு அறிய வேண்டியது காதுதான்.

இதைச் சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பியபோது, என் வழக்கம் ஒன்று உறுத்தியது. வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்று நான் அமைத்த அளவில், உரக்கப் பேசும் பிள்ளைகளின் விடை மட்டுமே என்னை எட்டுகிறது. மெல்லப் பேசும் பிள்ளை வாய் திறந்து முடிக்கும் முன்பே அடுத்த பெயரை அழைத்துவிடுகிறேன். அன்று அந்தத் தாயாரின் மகளை எழுப்பிக் கேள்வி கேட்டேன். இருக்கையில் சலசலப்பு எழுந்தது, அடக்கவில்லை. சற்று நேரம் காத்திருந்தேன். விடை சரியாகவே வந்தது.