புறத்திணை மரபும் போருக்குப் பிந்தைய வாழ்நாளும்

களத்தில் மாய்ந்தோர்க்கு நடுகல் எடுத்த மரபு தமிழருடையது. ஆயின் களத்தினின்று மீண்டவன் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தான், எந்நோயால் இறந்தான் என்னும் வினாவை இலக்கிய வரலாறும் போர் வரலாறும் மிகுதியாக எழுப்பவில்லை. முதல் உலகப் போரில் பம்பாய்த் துறைமுகம் வழியாக மீண்ட வீரரை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

புண்ணும் புகழும்

பாசறையில் நள்ளிரவிலும் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் மன்னனை நெடுநல்வாடை காட்டுகிறது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், புண்ணைத் தைக்கும் ஊசிக்கு நீரில் மூழ்கி எழும் சிரற்பறவையை உவமையாக்குகிறார். புண்பட்ட கணவனைப் பேய் தொடாதவாறு மனைவி காப்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி எனத் துறையாக வகுத்துள்ளது. இரவமும் வேம்பும் மனையில் செருகி, ஐயவி தூவி, நறும்புகை எழுப்பிக் காக்கும் முறையைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் விரித்துரைக்கிறது.

இவை யாவும் புண்பட்ட நாள்களை ஒட்டிய பதிவுகள். தழும்பு புகழின் அடையாளமாக நிலைபெறுகிறது. தழும்போடு முதுமையெய்திய உடலின் துன்பம் பெரும்பாலும் பாடுபொருளாகவில்லை.

பம்பாயில் மீண்டோர்

முதல் உலகப் போரில் இந்தியர் ஏறத்தாழ 13 இலட்சம் பேர் பணியாற்றினர். மெசபடோமியப் போர்முனைக்குப் பம்பாயே முதன்மைத் துறைமுகமாக விளங்கியது. 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை நீடித்த கூத் முற்றுகையில் உணவுக் குறைவால் இந்திய வீரரிடையே ஸ்கர்வி நோய் பரவியது. அப்போர்முனையில் மலேரியாவும் மிகுதி. அந்நோயின் ஒரு வகை, ஊர் திரும்பிய பின்னும் மீண்டும் மீண்டும் தாக்கும் இயல்பினது.

பம்பாயில் அப்போது கட்டி முடிக்கப்பட்டிருந்த வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகக் கட்டடம் படை மருத்துவமனையாகப் பயன்பட்டது. ஊனமுற்ற வீரர்க்குத் தொழில் கற்பிக்கும் குயின் மேரி தொழில்நுட்பப் பள்ளி 1917இல் இந்நகரில் தோன்றிப் பின்னர்ப் புணேயை அடுத்த கிர்க்கிக்கு இடம்பெயர்ந்தது. போரின் விளைவு வாழ்நாள் முழுவதும் தொடர்வது என்னும் உணர்வை இப்பள்ளியின் தோற்றத்தில் காணலாம்.

கணக்கின் எல்லை

இப்போரில் இறந்த இந்தியர் 74,000க்கு மேற்பட்டோர் என்பர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1921 ஆகஸ்டு 31 வரையிலான இறப்புகளையே முதல் உலகப் போரின் இறப்புகளாகக் கொள்கிறது. அதே புண்ணால் மறுநாள் இறந்தவர் பெயர் அப்பட்டியலில் இடம்பெறாது.

இவ்வெல்லைக்கு அப்பால் நிகழ்வதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்துகின்றன. உடல்நலம் உடையோரே படைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதால் அவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் போரின் தீங்கு மறைந்துபோகும். போர்முனைக்குச் செல்லாத வீரரோடு ஒப்பிடுவதே முறை. அம்முறையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வியட்நாம் சென்று மீண்டோரை ஆராய்ந்து 1987இல் முடிவை வெளியிட்டது. பணியிலிருந்து விடுபட்ட முதல் ஐந்தாண்டுகளில் அவர்தம் இறப்பு வீதம் ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுந்திருந்தது. வாகன விபத்து, தற்கொலை முதலியன அதன் காரணங்கள். களத்தின் புண் உடலில் மட்டும் இல்லை என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

நடுகல்லும் போர் நினைவுச்சின்னமும் இறப்பைக் களத்தோடு இணைத்தே காண்கின்றன. மனையில் நிகழும் காவலைத் துறையாக்கிய தொடாக்காஞ்சியோ, மீண்டவனையும் அவனைப் பேணுவோரையும் போர் வரலாற்றுக்குள் கொணர்கிறது. அந்நோக்கில் ஓய்வூதிய ஆவணங்களையும், தாராவி, மாதுங்கா, செம்பூர், சான்பாடா முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகளையும் தொகுப்பது புறத்திணை ஆய்வுக்கும் உரிய பணியாகும்.