கல்பாக்கம், கூடங்குளம்: 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல்லும் மூன்று வாக்குறுதிகளும்

நெய்வேலி நகரியத்துக் குடும்பங்களுக்கு 'பாதுகாப்பு' என்ற சொல்லின் இரு பொருள்கள் நன்றாகத் தெரியும். அனல் மின் நிலைய வாயிலில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர் நிற்பது ஒன்று. உள்ளே கொதிகலன் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. 2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாட்களில் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் தொழிலாளர்களின் உயிரைப் பறித்த விபத்துகள் வாயிற்காவலால் தடுக்கக்கூடியவை அல்ல.

அணுமின் நிலையங்களில் மூன்றாவது பொருளும் உண்டு. எரிபொருள் அணுகுண்டுக்குத் திருப்பப்படவில்லை என்று கணக்குக் காட்டுவது அது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைக் கணக்கெடுக்க வெளிநாட்டிலிருந்து யாரும் வருவதில்லை. கூடங்குளத்திற்கோ வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஆனால் கல்பாக்கம் உலைகள் அவர்களுடைய கண்காணிப்பில் இல்லை. ஒரே மாநிலம், ஒரே கடற்கரை, ஏன் இந்த வேறுபாடு?

1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா நடத்திய சோதனைக்கான புளுட்டோனியம், அமைதிப் பணிக்கென்று கனடா உதவியுடன் கட்டப்பட்ட சைரஸ் உலையிலிருந்து வந்தது. அதன் பிறகு அணுப்பொருள் விற்கும் நாடுகள் தமக்குள் ஒரு குழு அமைத்துக் கதவை மூடின. 1967 சனவரி 1-க்கு முன் சோதித்த நாடுகளை மட்டுமே அணு ஆயுத நாடுகளாக ஏற்கும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. பாரபட்சமானது என்பது இந்தியாவின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அமெரிக்காவுடன் நடந்த பேச்சில் 2006-ல் ஒரு பிரிவினைத் திட்டம் வந்தது. 22 மின் உலைகளில் 14 சர்வதேசக் கண்காணிப்பில் வைக்கப்படும் என்று இந்தியா உறுதியளித்தது. 2008 செப்டம்பரில் அந்தக் குழு விதிவிலக்கு அளித்தது. 2009-ல் முகமையுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. ரஷ்ய உதவியுடன் கட்டப்பட்ட கூடங்குளம் 1988 ஒப்பந்தக் காலத்திலிருந்தே கண்காணிப்புக்கு உட்பட்டது. கல்பாக்கத்தின் இரு மின் உலைகளும் 500 மெகாவாட் வேக ஈனுலையும் வெளியே நிறுத்தப்பட்டன.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 'சர்வதேச ஆய்வாளர் வருகிறார், ஆகவே கூடங்குளம் ஆபத்தற்றது. கல்பாக்கம் அப்படியல்ல' என்று முடிவுகட்டுவது தவறு. அந்த ஆய்வாளர் பார்ப்பது முத்திரை, கேமரா, எரிபொருள் கணக்கு. குழாயில் விரிசல் உண்டா என்று பார்ப்பது அவர் வேலையல்ல. 2011 நவம்பரில் கூடங்குளம் சென்ற டாக்டர் அப்துல் கலாம், உலை பாதுகாப்பானது என்று சொன்னதும் விபத்து குறித்த பொருளில்தான்.

விபத்துத் தடுப்பில் இரு நிலையங்களுக்கும் ஒரே வாக்குறுதிதான். அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையை 2005-ல் இந்தியா ஏற்றது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பிற நாடுகளின் முன் அறிக்கை வைக்க வேண்டும். உள்நாட்டில் பொறுப்பு, 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடையது. 2004 சுனாமியில் கல்பாக்கம் நகரியத்தில் பலர் உயிரிழந்தனர். கடல்நீர் பம்பு நிலையத்தில் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. இது வாரியத்தின் பெருமைக்குரியதே. ஆயினும், அதற்குப் போதிய தன்னாட்சி இல்லை என்று 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை குறைகூறியது. வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தரும் சட்டம் 2025 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே சட்டம் தனியாருக்கும் கதவைத் திறக்கிறது.

காவல் என்ற பொருளில், அணுப்பொருள் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்தியா 2002-ல் சேர்ந்தது. இன்று திருடன் சுவரேறித்தான் வர வேண்டும் என்பதில்லை. 2019-ல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீம்பொருள் புகுந்தது. முதலில் மறுப்பு, மறுநாளே ஒப்புதல். உலையை இயக்கும் கணினிகள் தனி வலையமைப்பில் இருப்பதால் அவை பாதிக்கப்படவில்லை என்றார்கள். மறுப்பைத்தான் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவும் பாகிஸ்தானும் பரஸ்பரம் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988-ல் உடன்பட்டன. 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி 1 அன்று நிலையங்களின் பட்டியலைப் பரிமாறுகின்றன. உறவு கெட்ட ஆண்டுகளிலும் நிறுத்தவில்லை.

நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வரை அவசரகாலத் திட்டப் பகுதி. வேலிக்கு வெளியே மக்களை வெளியேற்றும் பொறுப்பு நிலையத்துடையதல்ல, மாவட்ட ஆட்சியருடையது: கல்பாக்கத்திற்குச் செங்கல்பட்டு, கூடங்குளத்திற்குத் திருநெல்வேலி. அந்த எல்லைக்குள் உறவினர் இருப்பவர்கள், ஒத்திகை எப்போது, கூடுமிடம் எது என்று கேட்க வேண்டிய அலுவலகம் அதுவே.