சிங்கத்தின் செவி

பஞ்சதந்திரம் என்றதும் நம்மிற் பலருக்குப் பள்ளிப் பருவமே நினைவிற்கு வருகிறது. குரங்கும் முதலையும், ஆமையும் அன்னங்களும், சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலும் சிறுவர் பாடப்புத்தகத்தோடு முடிந்துவிட்டவை என்றே பெரியோர் எண்ணுகின்றனர். ஆயினும், நூலின் வரலாற்றை நோக்குவார்க்கு, அது ஆளப் பிறந்தோர்க்கும் ஆண்டோர்க்கும் உரிய நூலாகவே நாடு நாடாகச் சென்றது என்பது புலனாகும்.

முகவுரையே இதற்குச் சான்று. மகிளாரோப்பிய நகரை ஆண்ட அமரசக்தி மன்னனின் மைந்தர் மூவரும் கல்வியில் நாட்டமற்றவர்கள். எண்பது வயது நிரம்பிய விஷ்ணுசர்மர், ஆறே திங்களில் அவர்களை அரசநீதியில் வல்லவராக்குவதாக உறுதி கூறி, இக்கதைகளை உரைத்தார் என்கிறது வடமொழி நூல்.

கி.பி. 531 முதல் 579 வரை பாரசீகத்தை ஆண்டவர் குஸ்ரு அனுஷிர்வான். அவருடைய அவைக்களத்து மருத்துவர் பர்சோய், இறந்தாரை எழுப்பும் மூலிகையை நாடி இந்தியா வந்தார் என்றும், அறியாமையே இறப்பு, அறிவுரையே மூலிகை எனச் சான்றோர் தெளிவித்தனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அவர் பகலவி மொழியில் ஆக்கிய நூலை, ஏறத்தாழ 750ஆம் ஆண்டில் இப்னுல் முகஃபா என்பார் 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபியாக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில், எபிரேய மொழி வழியாகக் காப்புவா நகரத்து ஜான் அதனை இலத்தீனில் பெயர்த்தார். அவர் இட்ட பெயருக்கு 'மானிட வாழ்வின் வழிகாட்டி' என்பது பொருள். 1570இல் அது ஆங்கிலத்தையும் எட்டியது. சென்னையில், ஆங்கில அலுவலர்க்கு நாட்டு மொழிகளைப் பயிற்ற 1812இல் நிறுவப்பட்டது கோட்டைக் கல்லூரி. அங்குத் தமிழ்ப் புலவராய் விளங்கிய தாண்டவராய முதலியார், மராத்தியிலிருந்து 1826இல் தமிழாக்கிய பஞ்சதந்திரம் நம் உரைநடை வரலாற்றில் ஒரு மைல்கல்.

இத்தனை நாட்டாரும் முதற்கண் படித்த கதை மித்திரபேதம். பிங்கலகன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற எருதும் உயிர் நண்பராகின்றன. தமனகன் என்னும் நரி இடையே புகுகிறது. "எருது தங்களைக் கொல்ல எண்ணுகிறது, கொம்பைத் தாழ்த்தி, மருண்டு நோக்கி வரும், பாருங்கள்" என்கிறது சிங்கத்திடம். "சிங்கம் உன்னை உண்ணப் போகிறது, சினந்து சிவந்த கண்ணோடு இருக்கும், பார்" என்கிறது எருதிடம். அஞ்சிய எருது மருண்டு வந்தது. ஐயுற்ற சிங்கம் கண் சிவந்தது. ஒன்றன் அச்சமே மற்றொன்றுக்குச் சான்றாயிற்று. எருது மடிந்தது.

கோள் சொல்லாதே என்பது சிறுவர்க்கு இக்கதை தரும் பாடம். வயது வந்தோர்க்கு உரிய பாடம் வேறு. நம்மில் நரியாய் நடப்போர் சிலரே. சிங்கமாய் அமர்ந்து செவி கொடுப்போரோ பலர். ஐயம் புகுந்த பின், காண்பனவெல்லாம் அவ்வையத்திற்கே அரணாகிவிடுகின்றன.

வடமொழி நூலில் தமனகனுக்குத் தண்டனை இல்லை; அமைச்சனாகவே இருந்து சிங்கத்தைத் தேற்றுகிறது. அரபு நூலிலோ 'திம்னாவின் வழக்கு' என ஒரு தனி அத்தியாயமே உண்டு. அது இப்னுல் முகஃபாவே சேர்த்தது என்பர் ஆராய்ச்சியாளர். அங்கே நரி முறைமன்றத்தில் நிறுத்தப்படுகிறது. தன் வாதத்தை நாவன்மையோடு கூறவும் இடம் பெறுகிறது. ஒரு சாட்சி போதாதென இரண்டாவது சாட்சி கிடைத்த பிறகே தண்டனை விதிக்கப்படுகிறது. எருதைக் கேளாமலே கொன்ற சிங்கம், கொலைக்குத் தூண்டிய நரியை மட்டும் கேட்டுத் தண்டிக்கிறது!

இதனை எழுதியவர்க்கு அந்த நீதி கிட்டவில்லை. கலீபா மன்சூரின் ஆட்சியில், பஸ்ரா நகரத்து ஆளுநரால் எவ்வித விசாரணையுமின்றி அவர் கொல்லப்பட்டார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். ஆண்டோர் அவர் நூலைப் போற்றினர். அதன் பாடத்தை மட்டும் ஏற்றிலர்.

தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஓராசிரியர்மேல் மற்றோராசிரியர் தாழ்ந்த குரலில் குறை கூறும்பொழுது, இருவரையும் எதிரெதிரே அமர்த்திக் கேட்டால், வழக்கில் பாதி அங்கேயே மறைந்துவிடும். மாமியாரும் மருமகளும் வாழும் இல்லத்திற்கும், மேலாளரும் பணியாளரும் பழகும் அலுவலகத்திற்கும் இஃது ஒக்கும். கைப்பேசி வழியே நொடியில் பரவும் வதந்தியைக் கேட்டு ஓர் ஊரே இன்னொருவன்மேல் பாயும் இந்நாளில், நரி காட்டில் மட்டும் வாழவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. வள்ளுவரும் 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரம் வகுத்தார். ஆகவே, பேரக்குழந்தைக்கு இக்கதையைச் சொல்லும் பெரியோர், நரியை ஏசி முடித்துவிடாது, சிங்கம் எருதை அழைத்து ஒரு சொல் கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று வினவுவாராக. அவ்வினா குழந்தைக்கு மட்டுமன்று, வினவுவோர்க்கும் உரியதாகும்.