நல்லெண்ணெய்க் குடத்தில் வந்த நஞ்சு

1977, 1978 ஆண்டுகளில் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், வயதுக்கு வந்து சில வாரங்களே ஆன தமிழ்ப் பெண்பிள்ளைகள் நடை தளர்ந்து படுத்தார்கள். முதலில் பாதம் தொங்கியது. பிறகு கைவிரல்களிலும் பலம் போனது. காய்ச்சல் இல்லை. வீட்டில் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ ஒன்றும் ஆகவில்லை. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீட்டார் எல்லோரும் ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறார்கள். அப்படியிருக்க, நோய் ஏன் பெண்பிள்ளைகளை மட்டும், அதிலும் அந்தப் பருவத்தில் மட்டும் பிடிக்கிறது? நரம்பியல் மருத்துவர் நிமல் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போய்ச் சேர்ந்த இடம் சடங்கு வீடு. பெரியபிள்ளையான பெண்ணுக்கு உடம்பு உரம் பெற வேண்டுமென்று நல்லெண்ணெய் கொடுப்பது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் முட்டையும் உளுந்தங்களியுமாக அது இன்றும் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் இதற்கென்றே வாங்கிய எண்ணெயில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் இது நேர்ந்திருக்கலாம் என்று 1981-ல் ‘லான்செட்’ இதழில் இருவரும் எழுதினார்கள். தாய் அன்போடு ஊற்றிக் கொடுத்த எண்ணெய்தான் மகளின் காலைப் பறித்தது. இதைவிடக் கொடுமையான செய்தி மருத்துவ ஏடுகளில் அதிகம் இருக்காது.

இந்த ரசாயனம் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது. உள்ளே போய் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் உடம்பின் மிக நீளமான நரம்புகள் நுனியிலிருந்து பட்டுப்போகத் தொடங்கும். அதற்குள் எண்ணெய் தீர்ந்திருக்கும், சடங்கும் முடிந்திருக்கும். காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. 1930-ல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயம் குடித்த பல்லாயிரம் பேரையும், 1959-ல் மொராக்கோவின் மெக்னெஸ் வட்டாரத்தில் கலப்பட எண்ணெய் வாங்கிய சுமார் பத்தாயிரம் பேரையும் முடக்கியது இதே நஞ்சுதான். 1988-ல் கல்கத்தாவின் பெஹாலாவில் சமையல் எண்ணெய் வழியாக அது மறுபடி வந்தது.

இந்தப் பாஸ்பேட் குடும்பத்து நஞ்சை நம் பக்கத்து மருத்துவர்கள் இலங்கைச் சம்பவத்துக்கு முன்பே வேறு உருவத்தில் பார்த்திருந்தார்கள். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் சாப்பிட்டவர்கள் கூட்டம் கூட்டமாகச் சரிந்தார்கள். கேரளத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். உணவுப்பொருளோடு ஒரே கப்பலில் வந்த ஃபாலிடால் என்ற பூச்சிமருந்து கசிந்து மாவில் இறங்கியிருந்தது. இதை விசாரித்தது நீதிபதி ஜே. சி. ஷா ஆணையம். அதன் தொடர்ச்சியாகத்தான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. சாவுக்கும் சட்டத்துக்கும் நடுவே பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

பாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறியவரை அவசரப் பிரிவில் பார்த்தவுடன் தெரியும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரை தள்ளி, வியர்த்துக் கொட்டும். நெஞ்சு சளியால் நிறையும். அட்ரோபின் ஊசி இதைக் கட்டுப்படுத்தும். சளி வற்றி, கண்மணி விரிந்து, நோயாளி பேச ஆரம்பித்தால் கண்டம் தாண்டியது என்றுதான் மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள்.

அப்படி நம்பியபோதுதான் சிலர் இறந்தார்கள். ஒரு நாள் கழித்துத் தொடங்கும், அட்ரோபினுக்கு அடங்காத ஒரு தளர்ச்சியை 1974-ல் மருத்துவர் வாடியாவும் அவருடைய குழுவினரும் பதிவு செய்தார்கள். 1987-ல் அதற்கு முழு வடிவம் கொடுத்தவர் அதே நிமல் சேனநாயக்க. லக்ஷ்மன் கரல்லியத்தவோடு சேர்ந்து பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். நஞ்சேறி 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள், தேறிவிட்டார் என்று நினைத்தவரின் கழுத்துத் தசை முதலில் சோர்கிறது, பிறகு மூச்சுத்தசை. அந்த நேரத்தில் செயற்கைச் சுவாசம் கிடைத்தால் பிழைப்பார், கிடைக்காவிட்டால் இல்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று வார்டில் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

மாற்றுமருந்தைப் பற்றிய வழக்கோ இன்னும் தீரவில்லை. பிராலிடாக்சிம் ஊசியால் பலன் தெரியவில்லை என்று 1990-களில் வேலூர் சி.எம்.சி. ஆய்வுகள் சொல்லின. 2006-ல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பலன் தெரிந்தது. 2009-ல் இலங்கையில் மறுபடி தெரியவில்லை.

மருத்துவம் இப்படித் தடுமாறும்போது தடுப்புதான் பெரிய வேலை. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. கப்பலில் தொடங்கி நல்லெண்ணெய்க் கலம், பள்ளிச் சமையலறை வரை எல்லா இடத்திலும் ஒரே தவறு. நஞ்சும் சோறும் அக்கம்பக்கமாக இருந்தன.

இந்தத் தவறைத் திருத்த வேலை செய்தவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். வீட்டில் கைக்கெட்டும் பூச்சிமருந்து தற்கொலைக்கும் வழியாகிறது. 1986-ல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையம் ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் ஊர்ப் பொதுக்கிடங்கில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முயற்சியை அவர்கள் நடத்தினார்கள். உயிரிழப்பு குறைவதற்கான அறிகுறி தெரிந்ததை 2013-ல் வெளியிட்டார்கள். மாறாக, இலங்கையில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் இல்லை என்று 2017-ல் தெரிந்தது. அங்கே உயிர்களைக் காத்தது, கொடிய மருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்ததுதான். இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதமே ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது.

தடை என்பது அரசின் வேலை. வீட்டில் செய்ய வேண்டியது வேறு. பூச்சிமருந்து வந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்காதீர்கள். மேலே பட்டுவிட்டாலும் உள்ளே போய்விட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளி எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவர் போகச் சொல்லும்வரை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.