மருதையாற்று வெள்ளமும் ரயில் படங்களும்

மருதையாறு பச்சைமலைப் பக்கம் பிறந்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் காட்டாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலும் முள்ளுமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் ஒரே இரவில் கரை புரளும். அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே இந்த ஆற்றை ரயில் பாதை கடக்கிறது. பெரம்பலூர் நகருக்கு இன்றும் ரயில் இல்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் ரயிலேற நெடுங்காலமாக அரியலூருக்கே வருகிறார்கள்.

தென்னிந்திய ரயில்வே முதலில் போட்ட பாதை கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவைச் சுற்றித் திருச்சிக்குப் போனது. அதற்கு மெயின் லைன் என்று பெயர். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேராகச் செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1920களின் இறுதியில் வந்தது. இது கார்டு லைன். தூரம் குறைவு என்பதால் தெற்கே போகும் விரைவு வண்டிகள் பலவும் இந்தப் பாதைக்கு வந்தன.

1956 நவம்பர் 22 இரவு எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸும் இந்த வழியாகத்தான் வந்தது. தொடர்மழையில் மருதையாறு பெருகி, பாலம் பலமிழந்திருந்தது. 23ஆம் தேதி விடிவதற்கு முன், அரியலூரைத் தாண்டி வந்த வண்டி பாலத்தில் ஏறியபோது எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தூக்கத்திலேயே வெள்ளத்தில் போனவர்கள்.

அரியலூர் என்றதும் ஒரு தலைமுறைக்கு நினைவில் நின்றது செய்தித்தாள்களில் வந்த இந்த விபத்தின் படங்கள்தான்: ஆற்றில் சரிந்து கிடக்கும் பெட்டிகளும் கரையில் கூடி நிற்கும் கூட்டமும். அந்தப் படங்களில் ஒன்று மட்டும் இல்லை. வண்டியைக் கவிழ்த்த வெள்ளம் இல்லை. காட்டாறு ஏறும் வேகத்திலேயே வடிந்துவிடும். விடியுமுன் நடந்ததைப் படமெடுக்கக் கேமராவோடு அங்கே யாரும் காத்திருக்கவும் இல்லை.

பனி நாடுகளில் ரயிலைப் படமெடுப்பவர்களின் நிலை வேறு. விழுந்த பனி உருகும்வரை அங்கேயே கிடக்கும், மறுநாளும் படமெடுக்கலாம். குளிர்காற்றில் எஞ்சினின் நீராவி உடனே கெட்டியான வெண்புகையாகத் திரளும். ஜப்பானின் ஹொக்கைடோ பனியில் எடுத்த நீராவி ரயில் படங்களுக்கு அழகு தருவது அந்தப் புகைதான். வெண்பனியின் ஒளி கேமராவின் ஒளிமானியை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும் என்பதால், ஒளியைச் சற்றுக் கூட்டி வைத்து எடுப்பார்கள். அரியலூர் வெயிலில் அதே நீராவி வெளியே வந்ததும் கரைந்துவிடும். வெண்புகை திரள்வதற்கு மழை நாளோ மார்கழி விடியலோ வேண்டும். அப்போது வெளிச்சம் போதாது. அக்காலத்து ஃபிலிமோ வேகம் குறைந்தது. மருதையாற்று விபத்து நடந்த அதே காலத்தில், 1955 முதல் 1960 வரை, அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்பவர் பாதையோரம் வரிசையாக ஃபிளாஷ் பல்புகளைக் கட்டி, இரவில் ஓடும் நீராவி ரயில்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் அதற்கு வழியே இருக்கவில்லை. ரயில்வே எல்லைக்குள் படமெடுக்க அன்று அனுமதி வாங்க வேண்டியிருந்தது; பாலம் என்றால் பாதுகாப்புக் காரணம் சொல்லி அடியோடு தடை இருந்தது. இந்தப் பகுதியின் ரயில் வரலாற்றில் நல்ல படங்கள் அரிதாக இருப்பதில் வியப்பில்லை.

வெள்ளம் படத்தில் இல்லாமல் போனாலும் அதன் விளைவுகள் ஏட்டில் இருக்கின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் அன்றைய ஹைதராபாத் மாநிலத்தின் மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மீண்டும் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். துணையமைச்சராக இருந்தவர் செங்கல்பட்டுத் தொகுதிக்காரரான ஓ. வி. அழகேசன். 1957 தேர்தல் மேடைகளில் அவர் பெயரோடு அரியலூரும் சேர்ந்தே அடிபட்டது. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார்.

பதவி விலகலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். பொறியாளர்கள் செய்த வேலையை அதிகம் பேர் அறியார்கள். ரயில் பயணிக்கு அதுதான் கூடுதல் பயன் தந்தது. 1950களின் பிற்பகுதியில் ஏ. என். கோஸ்லா தலைமையிலான பொறியாளர் குழு, பாலத்தின் நீர்வழியைக் கணக்கிட 50 ஆண்டுகளுக்குக் குறையாத காலத்தில் பதிவான பெருவெள்ளத்தை அடிப்படையாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. பழைய பாலங்கள் பல அத்தகைய பதிவுகள் இல்லாமலே கட்டப்பட்டவை. பிறகு நாடு வெள்ள மதிப்பீட்டுக்காக 26 துணை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ரயில் பயணியின் பாதுகாப்பில் மழைக்கால ரோந்துக்கும் பங்குண்டு. பெருமழை இரவுகளில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன் கைவிளக்கும் வெடிப்பான்களும் எடுத்துக்கொண்டு பாதை நெடுகிலும் நடப்பார். ஆபத்து தெரிந்தால் தண்டவாளத்தில் வெடிப்பானை வைத்துவிடுவார். சக்கரம் ஏறியதும் வெடிக்கும் சத்தம் கேட்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார்.

நீராவி எஞ்சின்கள் 1990களோடு பெரும்பாலும் மறைந்தன. மீட்டர் கேஜும் போய், கார்டு லைன் இன்று மின்மயமான இரட்டை அகலப் பாதை. எல்லார் கையிலும் செல்போன் இருப்பதால் மழையில் வரும் ரயிலை யாரும் படமெடுக்கலாம். வெள்ளத்துக்கும் ஒரு பதிவு உண்டு: ஆற்றின் மீதுள்ள ரயில் பாலத்தூண்களில் ஆபத்து மட்டத்தையும் இதுவரை கண்ட உச்ச வெள்ள மட்டத்தையும் ரயில்வே பெயின்டில் குறித்து வைக்கிறது. மழைக்கால ரோந்துக்காரர் டார்ச் அடித்து முதலில் பார்ப்பது அந்தக் குறிகளைத்தான்.