குருத்தணுச் சிகிச்சை (நாய், பூனை)

கொழுப்பு, என்பு மச்சை, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த குருத்தணுக்களை நோயுற்ற பிராணியின் மூட்டிலோ குருதியிலோ ஊசிமூலம் செலுத்துவதே குருத்தணுச் சிகிச்சை. தேய்ந்த உறுப்பை இது மீண்டும் வளர்த்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. செலுத்திய கலங்களில் பெரும்பாலானவை நெடுநாள் தங்குவதில்லை. தங்கும்வரை அவை சுரக்கும் பொருள்கள் நோயெதிர்ப்புத் தொகுதியின் சீற்றத்தைத் தணிக்கின்றன. அழற்சியை அடக்கும் மருந்தாக இதைக் கொண்டால்தான் எந்த நோயில் பலிக்கும், எதில் பலிக்காது என்பது விளங்கும். பூனைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. பற்களைப் பிடுங்கியும் ஆறாத நாட்பட்ட வாயழற்சியுள்ள 7 பூனைகளுக்கு, அவற்றின் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஏற்றினார்கள். 2016இல் வெளியான முடிவின்படி 3 பூனைகள் முற்றாகக் குணமடைந்தன, 2 நன்கு தேறின. அது எதிர்ப்புத் தொகுதி கட்டுமீறுவதால் மூளும் நோய். சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கும் நாட்பட்ட நோயோ வேறு. அந்நோயுள்ள பூனைகளில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய சோதனைகள் குறிப்பிடத்தக்க பயன் எதையும் காட்டவில்லை.

ஊசி போட்டபின் நாய் நொண்டாமல் நடப்பதைக் கண்ணால் கண்டோமே என்று உரிமையாளர்கள் கேட்கலாம். மூட்டுவாத நாய்களுக்கு வெறும் போலி மருந்து கொடுத்தபோதும் கணிசமான உரிமையாளர்கள் முன்னேற்றத்தைக் கண்டதாகவே சொன்னார்கள். மிருக வைத்தியர்களின் கண்ணும் அவ்வாறே ஏமாந்தது. அன்புள்ளவர் நல்லதையே காண விரும்புவார், அதில் குற்றமில்லை. ஆனால் அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. அதற்காக முழுவதையும் தள்ளிவிடுவதும் தவறு. இடுப்பு மூட்டுவாதமுள்ள 21 நாய்களில், யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை மறைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், கலங்கள் பெற்றவை மேலாகத் தேறின. குதிரையின் தொப்புள்கொடிக் கலங்களால் ஆன ‘டொக்ஸ்டெம்’ என்ற நாய் மூட்டு மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அனுமதி வழங்கியது.

கொழும்பின் புறக்கோட்டை போன்ற நெரிசல் தெருக்களில் வாகனம் மோதி முள்ளந்தண்டு முறிந்த நாய்க்கு இச்சிகிச்சை உதவுமா என்பதே கடினமான கேள்வி. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 34 வளர்ப்பு நாய்களில் மூக்குச் சவ்விலிருந்து எடுத்த வேறுவகைக் கலங்களைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டனர். முன்னங்காலும் பின்னங்காலும் இசைந்து அசைவது மேம்பட்டது. மூளைக்குச் செல்லும் நீண்ட நரம்புத் தொடர்பு மீளவில்லை. ஆகவே நோயின் பெயர், கலங்கள் எடுக்கப்படும் இடம், போலி மருந்தோடு ஒப்பிட்ட சான்று ஆகிய மூன்றையும் கேட்டறிந்த பின்பே பணம் கட்டுங்கள். மூட்டுவாதமுள்ள பருத்த நாய்க்கு முதற்படி எடையைக் குறைப்பதுதான்.