வேரோடு அறுத்தலும் சீட்டுக் குலுக்கலும்

மருத்துவத்தின் வரலாற்றைப் பேர்பெற்ற மருத்துவர்களின் வரலாறாகவே நாம் படித்து வருகிறோம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு அவ்வாறு படிக்க இடம் தருவதில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட், தாம் செய்த 50 அறுவைகளின் விளைவை 1894இல் வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் ஒருசேர அகற்றும் முறை அது. அதற்கு வாய்த்த 'ராடிகல்' என்ற அடைமொழி, வேர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. புற்று ஓரிடத்தில் தோன்றிப் படிப்படியாக அக்கம்பக்கம் பரவுவது. எனவே அகல வெட்டினால் வேரோடு போய்விடும் என்பது அதன் கருத்து. பெண்கள் கட்டி முற்றிய பின்னரே மருத்துவரிடம் வந்த அக்காலத்தில், அறுத்த இடத்தில் நோய் மீள்வதை இம்முறை பெரிதும் குறைத்தது. எனினும் பலர் உடலின் வேறிடங்களில் தோன்றிய புற்றால் மாண்டனர். பிழைத்தவர்களுள் பலர் குழிந்த மார்பும் வீங்கிய கையுமாக வாழ்ந்தனர்.

ஐயுற்றோர் இல்லாமலில்லை. லண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் 1920களிலேயே ரேடிய ஊசிகளைக் கொண்டு மார்பகத்தைக் காக்க முயன்றார். ஆயினும் ஒரு மருத்துவரின் அனுபவத்துக்கு எதிரே இன்னொருவரின் அனுபவம் என்ற அளவிலேயே வழக்கு நின்றுவிட்டது.

அவ்வழக்கைத் தீர்க்கப் புதியதொரு வழி வேண்டியிருந்தது. புற்றணுக்கள் தொடக்கத்திலேயே குருதியில் கலந்துவிடக்கூடும் என்று கருதிய பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர், 1971இல் ஓர் ஆய்வையும் 1976இல் மற்றோர் ஆய்வையும் தொடங்கினார். எப்பெண்ணுக்கு எச்சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலுக்கு விடுவதே அவ்வழி. அறுவை மருத்துவர்கள் பலர் இதற்கு இசையவில்லை. இசைந்த பெண்கள் ஆயிரக்கணக்கானோர். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களை இவ்வாறே சேர்த்தார்.

1976இல் தொடங்கிய ஆய்வும் மிலான் ஆய்வும் 2002இல் தம் இருபதாண்டு முடிவுகளை வெளியிட்டன. தொடக்கநிலைப் புற்றில் மார்பகத்தை முழுவதும் அகற்றினாலும், கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காத்தாலும், உயிர் பிழைப்போர் விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் நீக்கியவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது; கதிர்வீச்சும் பெற்றவர்களிடம் அது 14 ஆகக் குறைந்தது.

இடையே ஒரு சோதனையும் நேர்ந்தது. மான்ட்ரியால் மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த தரவுகளுள் சில பொய்யானவை என்ற செய்தி 1994இல் பெரும் புயலைக் கிளப்பியது. ஃபிஷர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அம்மருத்துவமனையின் தரவுகள் அனைத்தையும் நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை. தனியொருவர் சொல்லை நம்பி நின்ற அறிவாக இருந்திருந்தால் அது அன்றே சரிந்திருக்கும்.

ஹால்ஸ்டெட், ஃபிஷர், வெரோனேசி ஆகிய பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. தமக்கு எது வாய்க்கும் என்றறியாமலே கையொப்பமிட்ட பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இன்று மார்பகம் இழவாமல் நலம்பெற்று வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணும் அவர்களுக்கும் கடன்பட்டவர் என்றே நாம் கருதுகிறோம்.